நம் வீட்டுக் கொல்லை

வெளியூர்களிலிருந்து நம் பகுதிக்கு வரும் உறவினர்கள் வழக்கமாகக் கூறும் சொல் ஒன்றுண்டு. "உங்களுக்கென்ன குறை? காயும் கனியும் காலடியில் கிடக்கும் சீமையல்லவா உங்களுடையது!" என்பார்கள். தேனியைக் கடந்த பேருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஓடுகையில் ஒருபுறம் நெல்வயலும் மறுபுறம் வாழையும் தென்னையும், மலையடிவாரத்தில் கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துப் படரவிட்ட திராட்சைப் பந்தல்களும் மாறி மாறித் தோன்றுவதைக் கண்டவர்கள் வேறென்ன கூறுவார்கள்? அவர்கள் சொல்லில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அவர்கள் கண்டது சாலையோரத்தைத்தான்; நம் அடுக்களையை எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்திருந்தால் வியப்படைந்திருப்பார்கள். தோட்டத்தில் விளைந்தவற்றுள் முதல் தரமானவை பெட்டிகளில் அடுக்கப்பட்டு இரவோடிரவாக மலையேறிக் கேரளத்திற்குச் செல்கின்றன. இரண்டாம் தரம் உள்ளூர்ச் சந்தைக்குப் போகிறது. விளைவித்த வீட்டுக் குழந்தைகளுக்கு எஞ்சுவது, கொத்திலிருந்து உதிர்ந்த திராட்சையும் அடிபட்ட வாழைப்பழமுமே. நிலமில்லாத குடும்பங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வார இறுதியில் கூலி கைக்கு வந்த பிறகு வாங்கும் உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் இரண்டு நாளில் தீர்ந்துபோக, மீதி நாட்களைப் புளிக்குழம்பும் அப்பளமும் ஓட்டுகின்றன. விற்பது பாவமென்று நாம் கூறவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வாங்கிய கடனின் வட்டியும் அந்தப் பெட்டிகளிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் சந்தைக்கென்று ஒதுக்காத ஒரு துண்டு நிலம் நம்மில் பலருக்கு வீட்டின் பின்புறத்திலேயே இருந்தது. சிலருக்கு இன்னும் இருக்கிறது. இம்மாதம் அதைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

நம் பள்ளத்தாக்கின் வளம் தானாக வந்ததன்று என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றின் நீரை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்ட அணை 1895ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்த நாளான ஜனவரி 15இல் நம் ஊர்களில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமும் 2013இல் எழுந்தது. சாதி சமய வேறுபாடின்றி ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் ஊர் வேறெங்கும் உண்டோ என்று நாம் எண்ணுவதுண்டு. அந்த நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோகம் விளைகிறது. ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டிய ஊர்களில் கிணறுகளில் நீர் நிற்பதும் அதனால்தான். கொல்லையில் சுரைக்கொடிக்கு ஊற்றும் குடத்து நீரும் அந்த மலையைக் குடைந்து வந்த நீரே.

திராட்சைக்கும் இப்படியொரு வரலாறு உண்டு. அதில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. மதுரை, சேலம் பகுதிகளுக்குத் திராட்சைக் கொடியை 1832ஆம் ஆண்டளவில் கொண்டுவந்தவர்கள் கிறித்தவ மறைபரப்பாளர்கள் எனத் தோட்டக்கலை நூல்கள் குறிப்பிடுகின்றன. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றபோது, பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரே அதன் தொடக்கம் என்று நாளிதழ்களும் எழுதின. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்தே வரவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். கொடியில்லாத நாட்டுக்கு வந்த குருக்கள் கொடியைத் தேடியதில் வியப்பில்லை. இன்று இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி ஊர்களில் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டேயிருக்கிறது. வடநாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை காய்க்கும் கொடி, நம் வெயிலில் கவாத்துச் செய்த நான்கு மாதத்தில் மீண்டும் பழுக்கிறது. ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது.

இத்தனை பெருமையிருந்தும், வீட்டு முற்றத்தில் ஒரு திராட்சைக் கொடி வைத்திருக்கும் குடும்பங்களை எண்ணினால் விரல்கள் மிஞ்சும். விவிலியத்தில் மீக்கா இறைவாக்கினர், அமைதி நிலவும் காலத்தை வருணிக்கும்போது, ஒவ்வொருவனும் தன் திராட்சைக் கொடியின் கீழும் தன் அத்தி மரத்தின் கீழும் அச்சமின்றி அமர்ந்திருப்பதையே காட்டுகிறார். பெருந்தோட்டத்தை அவர் காட்டவில்லை. ஒரு வீட்டாருக்கு நிழல் தரும் ஒரு கொடியும் ஒரு மரமும் அவருக்குப் போதுமாயிருந்தன.

விவிலியத்தில் வரும் இன்னொரு தோட்டம் நம்மை அடிக்கடி உறுத்துவது. நாபோத்து என்பவனுக்கு அரண்மனையை ஒட்டி ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகாபு மன்னன் அதைக் கேட்டான். எதற்காகக் கேட்டான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காய்கறித் தோட்டம் போடுவதற்காகவே கேட்டான்! அரண்மனைக்கு அருகில் கீரையும் வெள்ளரியும் வேண்டுமென்ற ஆசை, இறுதியில் ஒரு கொலையில் முடிந்தது. மூதாதையர் வழி வந்த நிலத்தை விற்கமாட்டேன் என்று நாபோத்து மறுத்ததை நாம் பிரசங்கங்களில் பல முறை கேட்டிருக்கிறோம். நம் காலத்தில் நாபோத்தின் தோட்டத்தைப் பறிக்க ஆகாபு வர வேண்டியதில்லை. நாமே முன்வந்து அதன்மேல் சிமெண்டைக் கொட்டிவிடுகிறோம்.

கொல்லை எப்படி மறைந்தது என்று ஆராய்ந்தால் எவரையும் குற்றஞ்சாட்ட மனம் வராது. தகப்பனார் கட்டிய வீட்டில் இரண்டு மகன்கள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது, மூத்தவருக்கு முன்புறமும் இளையவருக்குப் பின்புறமும் ஆகிறது. இளையவர் வீடு கட்டியதும் முருங்கையும் கிணற்றடியும் போய்விடுகின்றன. கழிவறைத் தொட்டிக்கு இடம் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குக் கூரை வேண்டும். எஞ்சிய பத்தடியிலும் மழைக்காலச் சேற்றுக்குப் பயந்து தளம் போடுகிறோம். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. கொல்லையைப் பேணி வந்தவர்கள் நம் தாய்மார்கள். இன்று அவர்களில் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்துக் கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கிறார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. நாள் முழுதும் பிறர் தோட்டத்தில் குனிந்த முதுகை வீட்டிற்கு வந்தும் குனியச் சொல்வது நியாயமாகாது. கொல்லையைப் பற்றி எழுதும் எவரும் "பெண்கள் ஓய்வு நேரத்தில்" என்று தொடங்குவதைப் பார்க்கிறோம். எந்த ஓய்வு நேரம்? ஆகவே இக்கட்டுரையைக் குடும்பத் தலைவர்களும் வளர்ந்த பையன்களும் படிக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். இரண்டு குடம் நீர் ஊற்ற ஆண்பிள்ளைக்குக் கை தேய்ந்துவிடாது.

இனித் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறி 400 கிராம் வேண்டும். அதில் கீரை மட்டும் 100 கிராம். பழம் 100 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு நாள்தோறும் இரண்டு கிலோ காய்கறியும் அரைக் கிலோ பழமும் என்றாகிறது. எந்தக் கூலிக் குடும்பம் இதை விலைகொடுத்து வாங்க முடியும்? 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். நம் பங்கில் ஞாயிறு திருப்பலியில் அமர்ந்திருக்கும் பெண்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று கொண்டால், அது எத்தகைய செய்தி என்பது விளங்கும்.

ஒரு சென்ட் நிலம் என்பது ஏறத்தாழ 435 சதுர அடி. அத்தனை இடம் இன்று பலரிடம் இல்லை. அதில் பாதியோ கால்வாசியோ இருக்கலாம். அதைக் கொண்டு இரண்டு கிலோவையும் விளைத்துவிடலாம் என்று ஆசை காட்ட நாம் விரும்பவில்லை. கீரை, கறிவேப்பிலை, மிளகாய், ஒரு முருங்கை, ஒரு கொடி, ஒரு பப்பாளி, இரண்டு வாழை என்ற அளவிற்கு ஆகும். அவ்வளவு ஆனாலே அடுக்களையின் முகம் மாறிவிடும்.

கீரையில் தொடங்குவது நல்லது. சிறுகீரையோ தண்டுக்கீரையோ விதைத்த இருபத்தைந்து நாட்களுக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மீண்டும் துளிர்க்கும். மணலோடு விதையைக் கலந்து தூவினால் ஓரிடத்தில் குவியாது. எறும்பு விதையைத் தூக்கிச் செல்லாதிருக்கப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் இடுவது நம் பாட்டிமார் வழக்கம். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழைக்கும் தென்னைக்கும் ஆகும். ஆனால் சோப்பு நீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்பலாகாது. இலையையே உண்பவர்கள் இதில் கவனமாயிருத்தல் வேண்டும்.

முருங்கையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் அது நம் மாவட்டத்தின் பெயரை உலகிற்குக் கொண்டு சென்ற மரம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில், தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் ஊரின் முருங்கையிலிருந்து ஆறு தலைமுறை தேர்ந்தெடுத்து, 1989இல் பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை வெளியிட்டார்கள். பி.கே.எம். என்பது பெரியகுளத்தையே குறிக்கும். அதுவரை முருங்கை என்றால் போத்து வெட்டி நட்டு ஆண்டுக்கணக்கில் வளர்க்கும் மரம் என்றிருந்தது. இது விதையிலிருந்து முளைத்து ஆறு மாதத்தில் காய்க்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் இன்று இந்தப் பெரியகுளத்து விதை முளைத்து நிற்கிறது. ஒன்றரை அடிக் குழி தோண்டி, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, இரண்டு விதைகளை ஊன்ற வேண்டும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒரே தண்டாக உயர்ந்து, காயைப் பறிக்க ஏணி கேட்கும். ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடியும் தழைக்கும்.

மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைவது உண்மைதான். அதற்காகவே மரத்தை வெட்டியவர்கள் பலர். கூட்டமாக அடிமரத்தில் ஒட்டியிருக்கும் வேளையில் நீண்ட கழியில் துணிப்பந்தம் கட்டிக் காட்டினால் அன்றே தீர்ந்துவிடும். ஆண்டில் இரண்டு நாள் வேலைக்குப் பயந்து ஆண்டு முழுவதற்குமான கீரையை இழப்பது புத்தியாகாது. முருங்கைக்கீரையைச் சமைத்த அன்று எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்றுக்கொள்கிறது. கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது. மருத்துவமனையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு மாற்றாக அன்று, அதனுடன் சேர்த்தே.

கொடிவகைகளுக்கு ஆடிப்பட்டம் என்பது எல்லாரும் அறிந்தது. ஆனால் நம் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று எத்தகையது என்பதையும் நாம் அறிவோம். கணவாய் வழியாகப் பாயும் அந்தக் காற்றை நம்பித்தான் தேனியைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று குலைதள்ளிய வாழையை முறிக்கிறது, பந்தலைப் பிய்க்கிறது. எனவே விதையை ஆடியில் ஊன்றினாலும், பந்தலை வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கத்தில், காற்றுக்கு மறைவாக அமைப்பது நலம். சுரை, பீர்க்கு, புடல், பாகல், அவரை ஆகியவற்றுள் ஒன்றிரண்டு போதும். எல்லாவற்றையும் ஒரே பந்தலில் ஏற்றினால் ஒன்றும் காய்க்காது. புடலங்காயின் நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் சுருளாமல் நேராக வளரும். பிஞ்சிலேயே பழ ஈ குத்திவிடுவதால், பாகலையும் பீர்க்கையும் காகிதப் பையாலோ பழந்துணியாலோ மூடிக் கட்டுவது மருந்தடிப்பதைவிட மேலானது. அவரைக்குப் பொறுமை வேண்டும். பகல் குறுகத் தொடங்கிய பின்னரே அது பூக்கும். ஆடியில் நட்டு ஆவணியில் காயில்லையே என்று பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு.

பீர்க்கம்பூ மலர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? காலையில் மொட்டாகவே நிற்கும். வெயில் தாழ்ந்து, கோயிலில் மாலை மூவேளைச் செபத்திற்கு மணி ஒலிக்கும் வேளையில் மஞ்சள் மஞ்சளாக விரிந்திருக்கும். சுரைப்பூ வெண்மையாக அந்திக்குப் பின் விரியும். பகலெல்லாம் வெளியே உழைத்துவிட்டு அப்பொழுதுதான் வீடு திரும்பும் தாயும் தகப்பனும் காணத்தக்க பூக்கள் இவை. செபமாலைக்கு முன் பத்து நிமிடம் குடும்பமாக அந்தப் பந்தலடியில் நின்றால், அன்று நடந்ததைப் பிள்ளைகள் தாமாகவே சொல்லத் தொடங்குவார்கள். தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தால் சொல்லமாட்டார்கள். கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

பப்பாளியைப் பற்றி ஒரு செய்தி கூறாமல் மேலே செல்ல இயலாது. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் முதலில் காணப்பட்ட ஒருவகை வெள்ளை மாவுப்பூச்சி, இரண்டே ஆண்டுகளில் தமிழகமெங்கும் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் அழித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொல்லைப் பப்பாளிகள் மாவு பூசியதுபோல் வெளுத்துச் செத்தன. மெழுகு போர்த்த அந்தப் பூச்சியின் மேல் எந்த மருந்தும் ஒட்டவில்லை. அதன் தாயகம் மெக்சிகோ. எனவே அப்பகுதியில் அதை இயற்கையாகவே ஒடுக்கி வைத்திருக்கும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத குளவியொன்றை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூரு ஆய்வகத்தின் வழியாகத் தருவித்து, வேளாண் பல்கலைக்கழகத்தார் பெருக்கி ஊர்தோறும் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று. நஞ்சால் ஆகாததை ஒரு சின்னஞ்சிறு குளவி செய்து முடித்தது. கொல்லையில் காணும் ஒவ்வொரு பூச்சிக்கும் மருந்துக் கடையை நோக்கி ஓடுபவர்கள், நஞ்சு முதலில் கொல்வது இத்தகைய நண்பர்களைத்தான் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பப்பாளியில் ஆண் மரம் பெண் மரம் என்று உண்டு; பூக்கும் வரை தெரியாது. ஆகவே ஒரு குழியில் மூன்று நாற்றுகளை நட்டு, பூத்தபின் ஆணை நீக்கிப் பெண்ணை நிறுத்திக்கொள்வது வழக்கம். அடியில் நீர் தேங்கினால் அழுகும். இவ்வளவே அதற்கு வேண்டிய கவனம். பப்பாளியும் கொய்யாவும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "நாட்டுத் தக்காளி" என்று நாம் பெருமையாகப் பெயர் வைத்திருப்பதும் ஒரு காலத்து விருந்தாளிதான்.

திராட்சையை வீட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் முதற்செடியாக வேண்டாம். கவாத்து முடிந்த தோட்டத்தில் கேட்டால் முற்றிய குச்சியை மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். அதை நட்டு, மாடிப்படியின் மேலோ கிணற்றடியின் மேலோ கம்பியில் ஏற்றலாம். மழை ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் வரும். அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையே நூற்றாண்டைக் கடந்த மருந்து. 1885இல் பிரான்சு நாட்டுப் போர்டோப் பகுதியில் கண்டறியப்பட்டது. பத்து லிட்டர் நீருக்குத் துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. காய் முற்றிய பின் தெளிக்கக்கூடாது. தோட்டக்காரர்கள் அடிக்கடி மருந்தடிக்கிறார்களே என்று குறை கூறுபவர்கள், ஒரு கொடியை இரண்டு மழைக்காலம் வளர்த்துப் பார்த்தபின் பேசட்டும். அவர்களும் நம் பங்கு மக்களே. பூஞ்சணத்திற்கும் வட்டிக்கும் இடையில் நிற்பவர்கள். எனினும் பறிப்பிற்கு முன் விடவேண்டிய நாட்களை விடாமல் மருந்தடித்த பழத்தைச் சந்தைக்கு அனுப்புவது, தெரியாத ஒரு குழந்தையின் தட்டில் நஞ்சை வைப்பதாகும் என்பதையும் சொல்லாதிருக்க இயலாது.

மற்றச் செடிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும். ஐம்பது கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, பிழிந்து, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் குறைந்துவிடும்.

கொல்லை என்றால் வேலியும் உண்டு. வேலி என்றால் சண்டையும் உண்டு. நம் பங்குகளில் இரண்டு வீட்டார் ஆண்டுக்கணக்கில் பேசாதிருப்பதற்குக் காரணம் தேடிப் போனால், பல வேளைகளில் ஒரு முருங்கைக் கிளையில் போய் நிற்கும். கிளை அடுத்த வீட்டு ஓட்டின்மேல் சாய்ந்தது, இலை அவர்கள் முற்றத்தில் கொட்டியது, அவர்கள் பறித்தார்கள், இவர்கள் கேட்டார்கள், பேச்சு வளர்ந்தது. ஒரே நற்கருணைப் பந்தியில் முன்னும் பின்னுமாக நிற்பவர்கள் அமைதி அறிவிக்கும் வேளையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வேலிக்கு அப்பால் சாய்ந்த கிளையின் காய் அப்பாலுள்ளவர்க்கே உரியது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். "பறிச்சுக்கோ தாயி, கூட்டுற வேலையும் ஒனக்குத்தானே" என்பார். அவர் வீட்டு வேலியில் சண்டை நடந்ததில்லை. மரம் நடும்போதே சுவரிலிருந்து பத்தடி தள்ளி நடுவது இன்னும் உத்தமம். இடமில்லாதவர்கள் மூதாட்டியின் வழியைப் பின்பற்றலாம்.

வேலியைத் தாண்டிக் கொடுப்பதில் புனிதர் ஒருவரை நினைக்கிறோம். கருங்கடல் ஓரத்துச் சினோப்பே நகரில் போக்காஸ் என்னும் தோட்டக்காரர் இருந்தார். காய்கறி விளைத்து, வழிப்போக்கருக்கு உணவளித்து வாழ்ந்தவர். கிறித்தவர்களை வேட்டையாடிய காலத்தில், அவரைக் கொல்ல அனுப்பப்பட்ட வீரர்கள் ஆள் தெரியாமல் அவர் வீட்டிலேயே தங்கினார்கள். அவர்கள் யாரைத் தேடி வந்தார்கள் என்பதைக் கேட்டறிந்த போக்காஸ், அவர்களுக்கு உணவு படைத்து உறங்க வைத்துவிட்டு, இரவில் தம் தோட்டத்திலேயே தமக்குக் குழி தோண்டி வைத்தார். விடிந்ததும் "நானே அவன்" என்று அறிவித்தார். நான்காம் நூற்றாண்டிலேயே அமாசெயா நகர் ஆயர் அஸ்தேரியு இவரைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறார். தோட்டக்காரர்களின் பாதுகாவலராக மேலைநாட்டில் புனித பியாக்கரைக் கொண்டாடுவார்கள். நமக்கென்னவோ, பகைவருக்கும் கீரை சமைத்துப் போட்ட போக்காஸையே நெருக்கமாகத் தோன்றுகிறது.

முதற்பலனை ஆண்டவருக்குக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்க் கோயில்களில் இன்றும் இருக்கிறது. பழைய உரோமைத் திருவழிபாட்டில் ஆகஸ்ட் 6ஆம் நாள் புதிய திராட்சையை மந்திரிக்கும் செபம் இருந்தது. கீழைத் திருச்சபைகளில் உருமாற்றப் பெருவிழாவன்று இன்றும் கனிகளை மந்திரிக்கிறார்கள். நம்மிடையே ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் நடக்கும் ஏலம் அதன் உடன்பிறப்பு எனலாம். முதல் காய்த்த பூசணியும் ஒரு சீப்பு வாழையும் ஒரு கட்டு முருங்கையும் பீடத்தின் முன் வைக்கப்பட்டு, பின் ஏலத்திற்கு வரும். பத்து ரூபாய்ச் சுரைக்காயை இருநூறு ரூபாய்க்கு எடுத்துவிட்டு, அதைப் பெருமிதத்தோடு தோளில் சுமந்து செல்லும் மனிதரைக் கண்டு சிரிக்காதவர் யார்? ஆனால் அண்மைக் காலத்தில் கடையில் வாங்கிய ஆப்பிளும் நெகிழிப் பையிலிட்ட பிஸ்கட்டுமே காணிக்கைத் தட்டில் மிகுதியாக வருகின்றன. கொல்லையில்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள் என்றும் தோன்றுகிறது.

ஆயின் பங்குக் கோயிலுக்கு நிலமிருக்கிறதே! பல ஊர்களில் குருவானவர் இல்லத்தின் பின்புறம் முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. மறைக்கல்வி மாணவர்களையும் இளைஞர் குழுவையும் கொண்டு அங்கே நான்கு பாத்தி கீரையும் பத்து முருங்கையும் போட்டு, தனித்திருக்கும் முதியோர் வீட்டிற்கும் கருவுற்ற பெண்கள் உள்ள வீட்டிற்கும் வாரமொருமுறை கொண்டுபோய்க் கொடுக்கலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் படைப்பைப் பேணுவதற்கு அன்றாடச் சிறு செயல்களையும் எண்ணிக் காட்டினார். நீரை அளவாகச் செலவிடுவதும் மரம் நடுவதும் அவற்றுள் அடங்கும். அச்சுற்றுமடலைப் பற்றிக் கருத்தரங்கு நடத்திய பங்குகள் பல. பாத்தி கட்டிய பங்குகளைப் பற்றி வாசகர்கள் எழுதினால் மகிழ்வோம்.

விதையைப் பற்றி ஒரு சொல். கடையில் வாங்கும் பொட்டல விதையில் பெரும்பகுதி வீரிய ஒட்டுவகை. அதன் விதையை எடுத்து மறுமுறை நட்டால் அதே காய் வராது. எனவே நாட்டுவிதை வைத்திருக்கும் வீட்டில் கேட்டு வாங்குங்கள். கொடியில் காய்த்த முதல் சில காய்களுள் நன்கு திரண்ட ஒன்றைப் பறிக்காமல் விட்டுவிட வேண்டும். சுரையாயின் ஓடு காய்ந்து குலுக்கினால் ஒலிக்கும் வரையிலும், பீர்க்காயின் கொடியிலேயே நாராகிப் பழுப்பேறும் வரையிலும் விட வேண்டும். பீர்க்கை உடைக்காமல் அப்படியே அடுப்படியில் புகைபடும் இடத்தில் தொங்கவிட்டார்கள் நம் முன்னோர். எரிவாயு அடுப்பில் புகையேது? ஆகையால் விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் இட்டு, பெயரும் மாதமும் எழுதி ஒட்டிவையுங்கள். ஒரு பீர்க்கங்காயில் நூறு விதைக்குக் குறையாது. நமக்கு நான்கு போதும்.